பிசியோ வீட்டுக்கு வரணுமா, நாம் போகணுமா? சுகர், பி.பி., முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு எது ஒத்துவரும்

எழுபதைத் தாண்டிய அம்மா. பதினைந்து வருஷமாகச் சுகர், பத்து வருஷமாக பி.பி., இரண்டு முட்டியிலும் தேய்மானம். டாக்டர் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி' என்று எழுதிக் கொடுக்கிறார். மாத்திரைகளுக்கு நேரே எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் என்றெல்லாம் இருக்கும். இந்த ஒரு வரிக்கு நேரே மட்டும் ஒன்றும் இருக்காது. எங்கே செய்வது, வாரத்துக்கு எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை எல்லாம் வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் யாரிடம் போனாரோ அங்கேயே போகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு இதில் நாலைந்து வழிகள் உண்டு: ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவு, வீட்டுக்கு வரும் தனியார் பிசியோதெரபிஸ்ட், அரசின் மக்களைத் தேடி மருத்துவம், வீடியோ அழைப்பு, எண்ணெய் தடவும் வைத்தியசாலை. மனத்துக்கான பேச்சு சிகிச்சை இந்தப் பட்டியலில் சேருவதே இல்லை. அதையும் சேர்த்துத்தான் பார்க்கப்போகிறோம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த வழி என்பதைவிட, தெரபிஸ்ட் வராத நாட்களில் அம்மா என்ன செய்கிறார் என்பதுதான் கணக்கு. அந்த நாட்களுக்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வழி நல்ல வழி. எழுதிக் கொடுக்காத வழி எவ்வளவு விலையாக இருந்தாலும் வீண்.

முதலில் அளந்து பாருங்கள்

யாரையும் கூப்பிடும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். கைப்பிடி இல்லாத, நேரான முதுகு கொண்ட, உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரம் உள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிப் பின்னால் போய்விடும். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் உள்ள பெண் 10 தடவைக்குக் குறைவாகவும், ஆண் 12 தடவைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் பலம் வயதுக்கு ஏற்றபடி இல்லை, விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். 80 முதல் 84 வரை உள்ளவர்களுக்கு இந்த எல்லை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மதிப்பெண் பூஜ்யம்.

அடுத்தது நடை. நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது? கைத்தடி பிடிப்பவர் தடியோடே நடக்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழக்கூடியவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சோதனையிலும் பக்கத்திலேயே ஒருவர் நிற்பது கட்டாயம்.

இந்த இரண்டு எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து நாள் சிகிச்சை முடிந்ததும் 'இப்போ பரவாயில்லையாம்மா?' என்று கேட்டால், வந்து போன பையன் மனம் நோகக்கூடாது என்று அம்மா 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார். எண்ணுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போவது

யாருக்கு இதுதான் சரி என்பதில் குழப்பமே வேண்டாம். மாரடைப்பு வந்தவர், பைபாஸ் அல்லது ஸ்டென்ட் முடிந்து சில வாரங்களே ஆனவர், நுரையீரல் அடைப்பு நோயால் நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர், பக்கவாதம் வந்து முதல் மூன்று மாதத்தில் இருப்பவர் ஆகியோர் ஆஸ்பத்திரியில்தான் தொடங்க வேண்டும். இதய நோயாளி நடக்கும்போது ஈ.சி.ஜி. பார்க்க ஆள் வேண்டும். நுரையீரல் நோயாளிக்கு விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி, உதட்டைக் குவித்து மூச்சு விடச் சொல்லித்தர வேண்டும். பக்கவாதக்காரருக்கு இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கும் பாதை தேவைப்படும். இவை எதையும் வீட்டு வராந்தாவில் கொண்டுவர முடியாது.

முட்டித் தேய்மானமும் சுகரும் மட்டும் என்றால் கதை வேறு. ஆட்டோ, ஓ.பி. சீட்டு, வரிசை, பெஞ்சில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் இருபது நிமிஷ சிகிச்சை, திரும்ப ஆட்டோ. வீடு வந்து சேரும்போது அம்மாவுக்கு அன்றைய தெம்பு முழுவதும் தீர்ந்திருக்கும். இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பியவர், வரிசையில் நேரமாகிப் பதினோரு மணிக்கு வெறும் வயிற்றோடு உடற்பயிற்சி செய்யும் நிலை வருகிறது. லோ சுகர் வருவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. போவதாக இருந்தால் டிபன் டப்பாவும் குளுக்கோஸ் பொடியும் பையில் இருக்கட்டும்.

முதியோருக்கான தனிப் பிரிவு இருக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இந்தியாவிலேயே முதல் முதியோர் ஓ.பி. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில், டாக்டர் வி.எஸ். நடராசன் முயற்சியில் தொடங்கியது. இப்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மாத்திரைப் பட்டியல் முழுவதையும் ஒரே டாக்டர் பார்க்கிறார் என்பதே பெரிய லாபம். தலைசுற்றலுக்குக் காரணம் முட்டியில் இல்லை, பிராஸ்டேட்டுக்காக ராத்திரி போடும் மாத்திரையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் சிகிச்சைதான்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் என்று 2024 அக்டோபரில் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு; ஓ.பி. பிசியோவுக்கு அதை நீட்ட முடியாது.

'கரண்ட் வைக்கிறது' என்ற மயக்கம்

பிசியோ என்றாலே முட்டியில் கரண்ட் வைப்பது என்று ஆகிவிட்டது. படுக்கவைத்து, நாலு ரப்பர் பட்டைகளை ஒட்டி, பதினைந்து நிமிஷம் சுருசுரு என்று ஓடவிட்டு அனுப்புகிறார்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், பொய் இல்லை. ஆனால் தேய்ந்த மூட்டைத் தாங்குகிற தொடைத் தசைக்கு அதனால் ஒரு பலமும் ஏறுவதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி, எல்லோருக்கும் உடற்பயிற்சியைக் கொடுங்கள், மின்சிகிச்சையைக் கொடுக்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறது. நம் ஊரில் கரண்ட் ஏன் ஓடுகிறது என்றால், ஒரே தெரபிஸ்ட் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு அதை வைத்துவிடலாம். உடற்பயிற்சியை அப்படிச் சொல்லித்தர முடியாது.

பயன் குறைவு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர் கரண்ட் பக்கமே போகக்கூடாது. போனதும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பல வருஷ சுகரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு மெழுகு ஒத்தடம், சுடுதண்ணீர்ப் பை, வெந்நீரில் கால் வைப்பது எல்லாமே தீக்காயத்தில் முடியக்கூடியவை. சூடு தெரியாது, தோல் வெந்த பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆறாத புண் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஒத்தடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உணர்ச்சி நன்றாக உள்ள முட்டிக்கு மட்டும், துண்டு சுற்றி, வேறொருவர் தன் முழங்கையால் சூடு பார்த்த பிறகு.

வீட்டுக்கு வரும் பிசியோ

இதன் பெரிய பலம், தெரபிஸ்ட் நிஜமான எதிரியைப் பார்க்கிறார் என்பது. பாத்ரூம் வாசலில் உள்ள மூன்று அங்குலப் படி, தாழ்வான கட்டில், ராத்திரி கமோடுக்குப் போகும் வழியில் மடங்கிக் கிடக்கும் மிதியடி, கைப்பிடி இல்லாத மொட்டைமாடிப் படிக்கட்டு இவை எதுவும் கிளினிக் மேஜையில் தெரியாது. நல்லவராக இருந்தால் முதல் நாளே வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். 'அம்மா எந்தப் பக்கமாக எழுந்திருப்பார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்' என்று கேட்பார். கேட்காமல் நேரே மெஷின் பையைத் திறக்கிறவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம். பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. படித்தவரா என்று கேட்பதில் கூச்சமும் வேண்டாம்.

பலவீனம் 'பேக்கேஜ்'. பத்து நாள், தினமும் ஒரு மணி நேரம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு வருகைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து நாளில் 6,000. பதினோராவது நாளிலிருந்து அம்மா மறுபடி டி.வி. முன்னால். தசை பத்து நாளில் கட்டாது. கண்ணுக்குத் தெரிகிற பலம் ஏற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அப்படியிருக்க முழுப் பணத்தையும் முதல் பத்து நாளில் கொட்டுவது, நாற்று நட்ட வாரத்திலேயே ஏரியை மொத்தமாகத் திறந்துவிடுவது மாதிரி.

இதற்கு நேர்மாறான ஒரு முறை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவானது. விழும் ஆபத்துள்ள முதியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டம் அது. தெரபிஸ்ட் 1, 2, 4, 8ஆம் வாரங்களில் வருவார், பிறகு ஆறாவது மாதத்தில் ஒரு தடவை. வராத மாதங்களில் போன் செய்வார். மிச்சமெல்லாம் அந்த முதியவர் தானே செய்ய வேண்டியது: வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி, இரண்டு நாள் நடை. கணுக்காலில் கட்டும் எடையைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். இப்படிச் செய்தவர்களிடம் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. நம் கணக்கில் ஐந்து வருகை என்றால் 3,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு. ஆகவே வீட்டுக்கு வருபவரிடம் பேரம் பேச வேண்டியது ரூபாயை அல்ல, இடைவெளியை. 'தினமும் வேண்டாம் சார். முதல் வாரம் இரண்டு தடவை வாங்க, அப்புறம் வாரம் ஒரு தடவை, அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன செய்யணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வருகைக்கான கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் லாபம்தான்.

பக்கவாதம் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு. முதல் மூன்று மாதத்தில் மூளை மீண்டும் கற்றுக்கொள்ளும் வேகம் அதிகம். அங்கே தினமும் ஆள் வருவது செலவுக்குத் தகும். அப்போதும் பார்க்க வேண்டியது, அசைப்பது தெரபிஸ்ட்டின் கையா அப்பாவின் கையா என்பதை. அப்பா சும்மா படுத்திருக்க, அவர் கையை இன்னொருவர் முப்பது தடவை தூக்கி இறக்கினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அவ்வளவே. அப்பாவே முயன்று டம்ளரைத் தொடும் ஐந்து தடவை அதைவிடப் பெரிது. இன்னொன்று, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. தளர்ந்துபோன தோள்மூட்டு நழுவிவிடும், அந்த வலி பிறகு எல்லாப் பயிற்சியையும் கெடுக்கும். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்தோ இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடித்தோ எழுப்ப வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சுகர், பி.பி. மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முகம். அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் இருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 2024இல் ஐ.நா.வின் தொற்றாநோய்ப் பணிக்குழு விருது கொடுத்தது இந்தத் திட்டத்துக்குத்தான். பைசா செலவில்லை. சேர, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொன்னால் போதும். அவர் வராத தெரு என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், 104க்குப் போன் செய்து விசாரிக்கலாம். டாக்டர் சீட்டு, பழைய ரிப்போர்ட் நகல்களைத் தயாராக வையுங்கள்.

குறை வெளிப்படையானது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது ஏற்பாடு. எத்தனை கிராமம், எத்தனை படுக்கை நோயாளிகள் என்று எண்ணிப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு அவர் நினைத்தபோது வர முடியாது. இதைச் சொல்லிப் பலர் அந்தத் திட்டத்தையே ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சொன்ன ஒடாகோ முறையும் இடைவெளி விட்டு வருவதுதானே. வித்தியாசம், அங்கே வராத நாளுக்கும் திட்டம் எழுதியிருக்கும். இங்கே அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். அவர் வரும் நாளில் வீட்டில் பொறுப்பான ஒருவர் இருக்கட்டும். வேலைக்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு பயிற்சியையும் அம்மா செய்யும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், தெரபிஸ்ட் செய்துகாட்டுவதை அல்ல. 'எத்தனை தடவை, எத்தனை வேளை, எது வலித்தால் நிறுத்தணும், அடுத்து எப்போ கூட்டணும்' என்ற நாலு கேள்விக்கும் பதில் வாங்கி நோட்டில் எழுதிவிடுங்கள்.

நடமாட முடிந்தவருக்கு இவர்கள் முன்னுரிமை தருவதில்லை, படுக்கையில் இருப்பவருக்கே தருவார்கள். அது நியாயமும்கூட. நடமாடுபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்ப் பார்க்கலாம்.

வீடியோ அழைப்பும் எண்ணெய்த் தடவலும்

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில் வீடியோ வழியாகப் பயிற்சி என்பது பரவிவிட்டது. தொடர்ந்து செய்ய வைப்பதற்கு நல்லது, முதல் பரிசோதனைக்கு ஆகாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத் திரை வழியாகத் தொட்டுப் பார்க்க முடியாதே. சமநிலைப் பயிற்சியின்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், போனை முகத்துக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் முட்டி உயரத்தில் வைக்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே தவிர, வளையும் முட்டி தெரியவே தெரியாது.

வர்மம், எண்ணெய் தடவல் எல்லாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொடுகைக்கு ஒரு சுகம் உண்டு, வலியோடு வாழ்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் அதைப் பயிற்சிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டால் நஷ்டம். மூன்று எச்சரிக்கைகள் மட்டும்: ஒரு கால் ஆடுதசை மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தடவவே கூடாது, ரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். எலும்பு மெலிந்தவரை அழுத்தி முறுக்கக்கூடாது. தடவி முடிந்ததும் உள்ளங்காலைச் சோப்புப் போட்டுத் துடைக்காமல் நடக்கவிடக்கூடாது.

நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு பயிற்சி அதில் இருக்கும், இருக்க வேண்டும். அதனால் இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம்.

சுவரோடு ஒட்டிய அதே மர நாற்காலி. முன்னால் பிடித்துக்கொள்ள கனமான மேஜை. வெறுங்கால் அல்லது பின்பட்டை உள்ள செருப்பு. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் நிற்கக்கூடாது. புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொள்ளட்டும். முதலில் இடுப்பை நகர்த்தி நாற்காலியின் விளிம்புக்கு வர வேண்டும். பாதங்களை உள்ளே இழுத்து, குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காலை முன்னால் நீட்டிவைத்துக்கொண்டு எழ முயன்றால் யாராலும் முடியாது. பிறகு மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னால் குனிந்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சைப் பிடித்தால் பி.பி. ஏறும். நின்று ஒரு நொடி. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயன் போயிற்று, இறங்கும்போது தாங்குவதில்தான் தசைக்கு வேலை அதிகம். முட்டிகள் இரண்டும் உள்பக்கமாக ஒட்டிக்கொள்கின்றனவா என்று எதிரே நின்று பாருங்கள்.

எழவே முடியவில்லை என்றால் நாற்காலியை உயர்த்துங்கள். இறுக மடித்த ஜமுக்காளம் இரண்டைப் போட்டால் ஐந்து செ.மீ. ஏறிவிடும். மெத்தென்ற தலையணை வேண்டாம், அமுங்கி இன்னும் கஷ்டமாகிவிடும். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கி, இரண்டு வேளையும் பத்து சுலபமாக வந்தால் ஒரு ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள்.

வலி வருமா? வரும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்து வரை இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. நெஞ்சில் இறுக்கம், பேச முடியாத மூச்சுத்திணறல், கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

சுகரும் பி.பி.யும் குறுக்கே வரும் இடங்கள்

காலை டிபன் சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. இன்சுலின் போடுபவர், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை போடுபவர் முதலில் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெட்பார்மின் மட்டும் போடுபவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. 300க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு விடுமுறை.

நடுவில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் லோ சுகர். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான். பிஸ்கட் மெதுவாகத்தான் ஏற்றும். இங்கே ஒரு நுணுக்கம்: வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை போடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை வேலை செய்ய நேரமாகும். அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரை உடைந்து சேருவதைத் தாமதிப்பதுதான். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே கொடுக்க வேண்டும். அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும்; வியர்வையை மறைக்காது. ஆகவே அவர்களிடம் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

பி.பி. 180க்கு 110 என்ற அளவைத் தாண்டியிருந்தால் தொடங்க வேண்டாம். உயர்வைவிட விழ வைப்பது இறக்கம்தான். ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் பயிற்சியை நிற்பதில் தொடங்காமல் உட்கார்ந்தபடி தொடங்கி, மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்ப்பது தினசரி வேலை.

கைத்தடி வாங்குவதாக இருந்தால், அம்மா செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டிருக்கும்போது மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பிடியின் உயரம். வலி வலது முட்டியில் என்றால் தடி இடது கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

செய்ய மனசே இல்லை என்றால்

'போற வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று தட்டிக்கழிப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, சீரியல் பார்ப்பதில்கூட ஆசை விட்டுப்போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சுகரோடு அது அடிக்கடி சேர்ந்தே வரும். அப்படி முடிவு கட்டும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், பி12 பார்த்துவிட வேண்டும். பல வருஷம் மெட்பார்மின் போட்டவருக்கு பி12 குறைவது சகஜம், அந்தச் சோர்வும் இப்படியே தெரியும்.

மனச்சோர்வு உள்ளவரிடம் எந்த பிசியோவை அனுப்பினாலும் காசு வீண். இங்கே முதலில் பேச்சு சிகிச்சை, அல்லது மனநல டாக்டர். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். பெரிய படிப்பாளிதான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் 60 வயது கடந்த 181 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே பிரச்சினைகளைக் கூறுபோட்டுத் தீர்க்கும் முறையையும், தூக்க ஒழுங்கையும், சுகர் போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்வதையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் மனச்சோர்வு வந்தவர்கள், இப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழுவில் மற்றக் குழுவைவிடக் குறைவு.

அவர்கள் செய்வதில் ஒரு துண்டை வீட்டிலும் செய்யலாம். அம்மாவுக்கு முன்பு பிடித்திருந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு அதை மிகச் சின்னதாக்குங்கள். கோயிலுக்குப் போவது என்றால் இன்றைக்கு வாசல் கோலம் வரை, நாளைக்குத் தெருமுனை வரை. ஆசை வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கக்கூடாது, போன பிறகுதான் ஆசை வரும். மருமகள் கோலமாவு டப்பாவைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாவைப் பற்றியே பேசினால் மட்டும் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஆறு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே சாக்பீஸ் கோடு. எழுந்து உட்காரும் எண் ஏழிலிருந்து ஒன்பது, பத்து என்று ஏறியிருந்தால் தெரபிஸ்ட் வரும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அப்படியே நின்றிருந்தால் முதலில் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: செய்த நாட்களுக்குப் போட்ட டிக் வாரத்துக்கு மூன்றுக்குக் குறைவாக இருந்தால் ஆளை மாற்றி என்ன பயன்? டிக் எல்லாம் சரியாக இருந்தும் எண் அசையவில்லை என்றால்தான் வேறு பிசியோ, அல்லது ஆஸ்பத்திரி. எண் இறங்கியிருந்தால் பிசியோவையே தேட வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். அந்த நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.